மத்தி, கானாங்கெளுத்தி மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது, வெள்ளை மீன் சாப்பிட்டால் ஒன்றும் ஆவதில்லை. இது அலர்ஜியா?

மழைச்சாரல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு வயது 41. சின்ன வயதிலிருந்தே மீன் என்றால் உயிர். மத்தி, கானாங்கெளுத்தி, சூரை, சால்மன் என்று எதையும் விட்டுவைத்ததில்லை. ஆனால் ஒன்றரை வருடமாக இந்தக் கொழுப்பு அதிகமான மீன்கள் மட்டும் வயிற்றுக்குச் சேருவதில்லை. சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் ஒன்றும் தெரியாது, அப்புறம் மேல்வயிற்றில் கல்லை வைத்ததுபோல் கனக்கும், குமட்டும், சாப்பிட்ட மீனின் வாடையோடு ஏப்பம் வந்துகொண்டே இருக்கும். சில நாள் நடு இரவில் நெஞ்சு கரித்து எழுந்து உட்கார்ந்துவிடுவேன். கொழுப்பு குறைந்த வெள்ளைச் சதை மீன், இறால், நண்டு எதைச் சாப்பிட்டாலும் இப்படி ஆவதில்லை.

இதில் ஒரே ஒரு முறை மட்டும் வேறு மாதிரி நடந்தது. நான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு விருந்தில் சூரை சாப்பிட்டேன். வாயில் போட்டதுமே மிளகைக் கடித்ததுபோல் நாக்கில் சுருக்கென்று இருந்தது. அரை மணி நேரத்துக்குள் முகம், கழுத்து, மார்பு எல்லாம் செக்கச்செவேல் என்று சிவந்து, தலைவலி மண்டையைப் பிளந்து, நெஞ்சு படபடவென்று அடிக்க ஆரம்பித்துவிட்டது. மூச்சுத் திணறல் இல்லை. ஐந்தாறு மணி நேரத்தில் தானாகவே அடங்கிவிட்டது. ஆனால் அன்றிலிருந்து மீனைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது.

இது அலர்ஜி என்றால் வெள்ளை மீன் மட்டும் எப்படி ஒத்துக்கொள்கிறது? வீட்டிலேயே ரத்தச் சொட்டு எடுத்து அனுப்பினால் எந்தெந்த உணவு சேராது என்று பட்டியல் தரும் பரிசோதனை ஒன்று ஆன்லைனில் பார்த்தேன், அதை வாங்கலாமா? இந்த மீன்களை ஒரேயடியாக விட்டுவிட்டால் ஒமேகா 3 கிடைக்காமல் போய்விடுமே என்ற கவலையும் இருக்கிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கடல்நுரை எழுதியது:

வெள்ளை மீன் ஒத்துக்கொள்கிறது என்றால் அலர்ஜி கிடையாது சகோ. பயப்படாமல் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டுப் பழக்குங்கள், உடம்பு தானாகப் பழகிவிடும்.

தாழம்பூ எழுதியது:

மன்னிக்கவும், மேலே சொன்னதை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. என் மகனுக்கு மீன் அலர்ஜி. மூன்று வயதில் ஒரு வாய் மீனுக்கு உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடிப்பு எழும்பி, இருமத் தொடங்கி, ஆம்புலன்ஸில் கொண்டு போனோம். இப்போது அவனுக்குப் பதினொன்று. இத்தனை வருடத்தில் நான் படித்துக் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

மீன் அலர்ஜிக்குப் பெரும்பாலும் காரணம் பார்வால்புமின் என்ற புரதம். மீனின் எண்ணெய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அது தசையில் இருக்கிறது, எவ்வளவு வேகவைத்தாலும் அழியாது. வெள்ளைச் சதையில் அதிகம், சூரை போன்ற மீன்களின் கருஞ்சதையில் குறைவு. அதனால் உண்மையான மீன் அலர்ஜி இருப்பவர்களுக்கு வழக்கமாக உங்களுக்கு நேர் எதிராக நடக்கும், வெள்ளை மீன்தான் மோசமாகத் தாக்கும், டப்பாவில் வரும் சூரையைச் சிலர் தாங்கிக்கொள்வார்கள். ஆக உங்கள் கதை அதோடு பொருந்தவில்லை, அதுவரை கடல்நுரை சொன்னது சரி. ஆனால் ஒரே ஒரு மீன் வகைக்கு மட்டும், சால்மனுக்கு மட்டும் என்றுகூட, அலர்ஜி உள்ளவர்கள் இருக்கிறார்கள். அதனால் "கிடையாது" என்று எழுத்தில் பார்த்து முடிவு கட்ட முடியாது. அலர்ஜி மருத்துவரிடம் தோல் குத்துப் பரிசோதனையும் ஐஜிஇ (அலர்ஜியைத் தூண்டும் எதிர்ப்பொருள்) ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். எந்தெந்த மீன் தொந்தரவு தந்ததோ அந்தந்த மீனை வைத்தே பார்க்கச் சொல்லுங்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் அவர்கள் முன்னிலையில் சிறு சிறு அளவாகச் சாப்பிட்டுப் பார்க்கும் பரிசோதனை இருக்கிறது. முகமே சிவந்து படபடத்த ஒருவர் அதை வீட்டில் தனியாகச் செய்து பார்க்கக் கூடாது, அலர்ஜியைச் சாப்பிட்டுப் பழக்கித் தீர்க்க முடியும் என்றும் நினைக்காதீர்கள்.

தபாலில் அனுப்பும் பரிசோதனை வேண்டவே வேண்டாம். அவை பெரும்பாலும் ஐஜிஜி என்ற வேறு வகை எதிர்ப்பொருளை அளக்கின்றன. நாம் அடிக்கடி சாப்பிடும் உணவுக்கு ஐஜிஜி உருவாவது இயல்பு, அது "இதைச் சாப்பிட்டிருக்கிறார்" என்பதைத்தான் காட்டுகிறது, "இது சேராது" என்பதை அல்ல. அந்தப் பட்டியலை நம்பி நல்ல உணவையெல்லாம் நிறுத்திய ஒரு தாயை எனக்குத் தெரியும், பிள்ளை எடை குறைந்ததுதான் மிச்சம்.

அப்புறம் ஒன்று. எப்போதாவது உதடு, நாக்கு வீங்கினாலோ, தொண்டை அடைத்தாலோ, மூச்சு இரைத்தாலோ, மயக்கம் வந்தாலோ உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள். அங்கே முதலில் வேலை செய்வது அட்ரினலின் ஊசிதான். அலர்ஜி மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்துப் பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது.

உப்புக்காற்று எழுதியது:

மீன் பதப்படுத்தும் ஆலை ஒன்றின் தரப்பரிசோதனைக் கூடத்தில் எட்டு வருடம் வேலை பார்த்தவன். அந்த விருந்தில் நடந்ததை நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு ஒரே ஒரு சொல்தான் தோன்றியது: ஹிஸ்டமின். நாக்கில் மிளகுக் காரம், அரை மணி நேரத்தில் முகச் சிவப்பு, தலைவலி, படபடப்பு, சில மணி நேரத்தில் தானாக அடங்குவது, இதற்கு ஸ்காம்பிராய்டு நஞ்சு என்று பெயர். கானாங்கெளுத்தியும் சூரையும் சேர்ந்த ஸ்காம்பிரிடே குடும்பத்தின் பெயரிலிருந்து வந்தது.

நடப்பது இதுதான். இந்த மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் ஏராளம். பிடித்த மீனை உடனே குளிரவைக்காமல் விட்டால் பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். உங்கள் உடம்பு அலர்ஜியின்போது எதைச் சுரக்குமோ அதையே நீங்கள் வாய் வழியாகச் சாப்பிட்டுவிடுகிறீர்கள், அதனால்தான் பார்க்க அச்சு அசல் அலர்ஜி மாதிரியே இருக்கும். இதில் மிக மோசமான விஷயம், ஒருமுறை உருவான ஹிஸ்டமின் போகவே போகாது. பொரித்தாலும், அவித்தாலும், உறைய வைத்தாலும், டப்பாவில் அடைத்தாலும், புகை போட்டாலும் அப்படியேதான் இருக்கும். கெட்டுப்போன வாடையும் பல சமயம் வராது. மத்தி, நெத்திலி, ஹெர்ரிங், மாஹி மாஹி எல்லாம் இந்தக் கூட்டத்தில் சேரும். சால்மனில் ஹிஸ்டிடின் ஒப்பீட்டளவில் குறைவு. சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் இந்த மீன்களுக்கு வைத்திருக்கும் பாதுகாப்பு வரம்பு கிலோவுக்கு 200 மில்லிகிராம். நாங்கள் ஒரு மீனின் மூன்று இடத்தில் சதை எடுத்துப் பார்ப்போம், ஒரு மூலையில் குறைவாகவும் இன்னொரு மூலையில் பல மடங்கு அதிகமாகவும் இருக்கும். அதனால் ஒரே தட்டில் சாப்பிட்ட இருவரில் ஒருவருக்கு மட்டும் வரலாம்.

உங்களுக்கு நான் தரும் முதல் வேலை: அந்த விருந்தில் அதே மீனைச் சாப்பிட்ட மற்றவர்களிடம் விசாரியுங்கள். யாராவது ஒருவருக்காவது தலைவலியோ சிவப்போ வந்திருந்தால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும், ஏனென்றால் அலர்ஜி ஒருவருக்கு வரும், கெட்ட மீன் பலருக்கும் வரும். இன்னொரு முறை அப்படி ஆனால் உடனே மருத்துவரிடம் போய் ரத்தத்தில் டிரிப்டேஸ் என்ற நொதியைப் பார்க்க முடியுமா என்று கேளுங்கள், கடும் அலர்ஜியில் அது ஏறலாம், ஹிஸ்டமின் நஞ்சில் ஏறாது.

வீட்டில் செய்ய வேண்டியது, மீனை வாங்கியதும் ஐஸோடு கொண்டுவந்து 4 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வைப்பது, உறைந்த மீனை அறை வெப்பத்தில் போடாமல் குளிர்பெட்டிக்குள்ளேயே உருகவிடுவது. ஆனால் அதற்கு முன்னால் படகிலும் வண்டியிலும் என்ன நடந்தது என்பது நம் கையில் இல்லை, எனவே எங்கே வாங்குகிறோம் என்பதுதான் முக்கியம். காச நோய்க்கு ஐசோனியாசிட் மாத்திரை எடுப்பவர்கள் இதைப் படித்தால் கூடுதல் கவனமாக இருங்கள், ஹிஸ்டமினைச் சிதைக்கும் நொதியை அந்த மருந்து தடுக்கிறது, மற்றவர்கள் தாங்கும் அளவு உங்களுக்குத் தாங்காது.

ஆனால் மாதக்கணக்கில் இரண்டு மூன்று மணி நேரம் கழித்து வரும் கனமும் ஏப்பமும் ஹிஸ்டமின் கதை இல்லை. அது வேறு ஏதோ. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

நெடுவழி எழுதியது:

அந்த வேறு ஏதோவைப் பற்றி நான் சொல்கிறேன். "எண்ணெய் மீன் எனக்குச் சேராது" என்று நானும் இரண்டு வருடம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் பித்தப்பையில் ஏழு கல். கொழுப்பு குடலுக்குள் வந்ததும் கொலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் சுரந்து பித்தப்பையைச் சுருங்கச் சொல்லும், கல் இருந்தால் அது பித்தப்பையின் வாயில் போய் அடைக்கும், வலி உயிர் போகும். எனக்கு மேல்வயிற்றின் வலது பக்கம் பிடித்து வலது தோள்பட்டைக்குப் பின்னால் வரை இழுக்கும், அரை மணி முதல் சில மணி நேரம் வரை விடாது. மீனைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேனே தவிர, வெண்ணெய், பொரித்த பண்டம் எல்லாவற்றுக்கும் அதே மாதிரி ஆகிறது என்பதைக் கவனிக்கவே இல்லை. எண்ணெய் மீன் என்பதே சதையில் கொழுப்பு ஏறக்குறைய 5 சதவீதத்துக்கு மேல் இருப்பதுதான், வெள்ளை மீன் பலவற்றில் கொழுப்பு ஈரலில்தான் சேரும், சதையில் சொற்பம். மத்தி, கானாங்கெளுத்தி மாதிரி மீன்களில் பருவத்தைப் பொறுத்து இந்தக் கொழுப்பு பல மடங்கு மாறும், அதனால்தான் ஒரு மாதம் ஒன்றும் செய்யாத அதே மீன் இன்னொரு மாதம் படுத்துகிறது.

உங்களுக்கு வலி இருப்பதாக எழுதவில்லை, கனம்தான். இருந்தாலும் ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள், ஐந்து நிமிட வேலை. இரண்டு கேள்வி கேட்கிறேன். மற்ற கொழுப்பு உணவுகளுக்கும் இப்படி ஆகிறதா? ஒன்றரை வருடத்துக்கு முன்னால் உங்கள் வாழ்க்கையில் என்ன மாறியது, புது மருந்து ஏதாவது, திடீர் எடை குறைவு ஏதாவது? வேகமாக எடை குறைந்தால் பித்தக்கல் வரும் வாய்ப்பு கூடும். கண் மஞ்சளித்தாலோ, வலியோடு காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

மழைச்சாரல் எழுதியது:

நெடுவழி அண்ணா, உங்கள் இரண்டாவது கேள்வியைப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சர்க்கரை நோய்க்காக வாரம் ஒருமுறை போடும் செமாக்ளூடைட் ஊசி ஆரம்பித்து 20 மாதம் ஆகிறது. 11 கிலோ குறைந்திருக்கிறேன். எடை குறைந்த சந்தோஷத்தில் அதையும் மீனையும் சேர்த்து யோசிக்கவே இல்லை. யோசித்துப் பார்த்தால் சீஸ் அதிகமாகச் சாப்பிட்ட இரவுகளும் அப்படித்தான் கழிந்திருக்கின்றன, மீன் வாடை இல்லாததால் அதைத் தனியாக "வயிறு சரியில்லை" என்று ஒதுக்கிவிட்டேன்.

விருந்து கொடுத்தவரிடமும் இன்று பேசினேன். அன்று எங்களோடு சூரை சாப்பிட்ட இன்னொருவருக்கும் முகம் சிவந்து தலைவலி வந்திருக்கிறது, அறை புழுக்கமாக இருந்ததால் என்று நினைத்துத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துவிட்டாராம்! உப்புக்காற்று, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

பூவரசு எழுதியது:

உணவியல் ஆலோசகராக இருக்கிறேன், உங்களைப் போன்றவர்களை வாரத்துக்கு இரண்டு மூன்று பேரையாவது பார்க்கிறேன். அந்த ஊசி இரைப்பை காலியாவதை மெதுவாக்கும். கொழுப்பும் தன் பங்குக்கு அதையே செய்யும். இரண்டும் சேர்ந்தால் இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்ட மீன் நள்ளிரவிலும் இரைப்பையிலேயே கிடக்கும், படுத்ததும் எதுக்களிக்கும். இந்த வகை மருந்துகளில் பித்தப்பைத் தொந்தரவும் வரலாம் என்பதால் நெடுவழி சொன்ன ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள். ஆனால் தயவுசெய்து ஊசியை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அளவைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள்.

இரண்டு மூன்று வாரம் ஒரு நோட்டு போடுங்கள். எந்த மீன், எத்தனை கிராம், பொரித்ததா வேகவைத்ததா, எத்தனை மணிக்கு, கூட என்ன, தொந்தரவு எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, ஊசி போட்டு எத்தனாவது நாள். இந்தக் கடைசி விவரத்தைப் பலர் எழுதுவதில்லை, ஆனால் ஊசி போட்ட முதல் இரண்டு மூன்று நாளில்தான் பலருக்கும் வயிறு அதிகமாகப் படுத்துகிறது என்று என் அனுபவத்தில் பார்க்கிறேன். அலர்ஜி இல்லை என்று மருத்துவர் சொன்ன பிறகு, பெரிய தட்டாக இல்லாமல் 50, 60 கிராம், பகல் வேளையில், எண்ணெயில் போடாமல் முயன்று பாருங்கள். ஏற்கனவே கொழுப்புள்ள மீனை எண்ணெயில் பொரித்து இரவில் சாப்பிடுவதுதான் இந்த வயிற்றுக்கு மிகக் கடினமான வேலை.

ஒமேகா 3 பற்றிப் பதற வேண்டாம். மீனில் இருக்கும் ஒமேகா 3 வகைகளான ஈபிஏ, டிஹெச்ஏ இரண்டும் சேர்த்து பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 250 மில்லிகிராம் போதும் என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் கணக்கு. 100 கிராம் மத்தியிலோ கானாங்கெளுத்தியிலோ பெரும்பாலும் ஒரு கிராமுக்கு மேல் இருக்கும், அதனால் வாரத்துக்கு மொத்தம் 200 கிராம் சாப்பிட்டாலே அந்தக் கணக்கு நிரம்பிவிடும். அதுவும் முடியாது என்றால் பாசி எண்ணெய் இருக்கிறது. மீனுக்கே அந்தக் கொழுப்பு கடலில் உள்ள நுண்பாசியிலிருந்துதான் வருகிறது, நாம் நேராகப் பாசியிடமே போய்விடலாம். ஆளி விதை, வால்நட் நல்லவைதான், ஆனால் அவற்றில் இருப்பது ஏஎல்ஏ என்ற தாவர வகை ஒமேகா 3, அதில் மிகச் சிறிய பங்கைத்தான் உடம்பு ஈபிஏ, டிஹெச்ஏ ஆக மாற்றும், அதை மட்டும் நம்ப முடியாது. மாத்திரையாக எடுத்தால் சாப்பாட்டோடு எடுங்கள், மீன் வாடை ஏப்பம் குறையும். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். எண்ணெய் மீனை நிறுத்துபவர்கள் மறந்துவிடும் இன்னொன்று வைட்டமின் டி, உணவில் அது இயற்கையாக இருக்கும் இடங்கள் மிகக் குறைவு, ஒருமுறை ரத்தத்தில் பார்த்துவிடுங்கள்.

உப்புக்காற்று எழுதியது:

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று, இதே தலைப்பில் தேடி வருபவர்களுக்காக. எண்ணெய் மீன் சாப்பிட்டதும் வயிற்றுவலியே இல்லாமல் ஆரஞ்சு நிற எண்ணெய் மட்டும் மலத்தோடு கசிந்தால் அது உங்கள் வயிற்றின் குறை அல்ல. எஸ்கோலார் என்ற மீனின் சதையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு மெழுகு எஸ்டர், மனிதக் குடலால் அதைச் செரிக்க முடியாது, அப்படியே வெளியே வந்துவிடும். அதை வெள்ளைச் சூரை என்று பெயர் மாற்றி விற்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது, ஜப்பானில் அந்த மீனை விற்கவே தடை. அதே மாதிரி, பச்சையாகவோ அரைவேக்காடாகவோ மீன் சாப்பிட்ட பிறகு மட்டும் வயிற்றுவலியோ தடிப்போ வந்தால் அனிசாகிஸ் என்ற புழுவைப் பற்றி மருத்துவரிடம் சொல்லுங்கள். நன்றாக வேகவைத்தாலோ, மைனஸ் 20 டிகிரியில் ஏழு நாள் உறைய வைத்தாலோ அது செத்துவிடும், ஆனால் அதற்கு அலர்ஜி உள்ளவர்களுக்குச் செத்த புழுவின் புரதமே போதும்.

மழைச்சாரல் எழுதியது:

ஏழு வாரம் கழித்து வருகிறேன். ஸ்கேனில் கல் இல்லை. தோல் குத்துப் பரிசோதனையில் மத்தி, கானாங்கெளுத்தி, சூரை, சால்மன், காட் என்ற வெள்ளை மீன் ஆக ஐந்துக்கும் ஒன்றும் எழும்பவில்லை. ரத்தத்திலும் அப்படித்தான். சூரை சம்பவத்தைக் கேட்டுவிட்டு அலர்ஜி மருத்துவரே "இன்னொருவருக்கும் வந்ததா?" என்றுதான் முதலில் கேட்டார். சர்க்கரை மருத்துவர் ஊசியின் அளவை ஒரு படி குறைத்திருக்கிறார், சர்க்கரை ஏறுகிறதா என்று மூன்று மாதம் பார்க்கப்போகிறோம்.

நோட்டு பொய் சொல்லவில்லை. பூவரசு சொன்ன மாதிரியே ஊசி போட்ட மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான் மோசம். அந்த இரண்டு நாளும் மீனே தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். ஐந்தாம் நாள் மதியம் 12 மணிக்கு, வேகவைத்த மூன்று சின்ன மத்தி. ஒன்றரை வருடத்துக்குப் பிறகு பயமில்லாமல் முள் எடுத்துச் சாப்பிட்டேன், எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. மாலை ஆறு மணி வரை ஒன்றும் இல்லை, இரவு தூக்கமும் வந்தது. அதற்குப் பிறகு நான்கு முறை சாப்பிட்டாயிற்று, ஒருமுறை மட்டும் ஆசையில் அளவு கூடிப்போய் ஏப்பம் வந்தது.

சூரையை மட்டும் இன்னும் கிட்டே சேர்க்க மனம் வரவில்லை. டப்பா சூரை பரவாயில்லையா உப்புக்காற்று?

உப்புக்காற்று எழுதியது:

படித்ததும் மனம் நிறைந்துவிட்டது அம்மா. நல்ல ஆலைகள் டப்பாவில் அடைப்பதற்கு முன் ஒவ்வொரு தொகுதியிலும் ஹிஸ்டமின் பார்ப்பார்கள், அதனால் எங்கே எப்படிக் கிடந்தது என்று தெரியாத மீனைவிட அது பரவாயில்லை. மத்தி, கானாங்கெளுத்தியைவிடச் சூரையில் கொழுப்பும் குறைவு, தண்ணீரில் போட்டதாக வாங்கினால் உங்கள் வயிற்றுக்கும் இதம். டப்பாவைத் திறந்ததும் மிச்சத்தை வேறு பாத்திரத்தில் மூடிக் குளிர்பெட்டியில் வைத்து இரண்டு நாளுக்குள் முடித்துவிடுங்கள், மேசையிலேயே மணிக்கணக்காக விட்டால் திறந்த பிறகும் ஹிஸ்டமின் உருவாகும். வாயில் வைத்ததும் அந்த மிளகுச் சுருக்கு தெரிந்தால் விழுங்காமல் துப்பிவிடுங்கள்.